கணினி திறந்ததும் கருவிப்பட்டை வருவதற்கு

வீட்டிலே கணினி ஒன்று. அதனை ஆளும் கைகளோ நான்கைந்து. தந்தையார் கடிதம் எழுதுகிறார். தமக்கை பல்கலைக்கழகப் பாடங்களைப் பார்க்கிறாள். தம்பி பழைய வினாத்தாள்களைத் தேடுகிறான். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய மென்பொருள்களைத் திரையின் ஓரத்தில் ஒரு பட்டையாக அடுக்கி வைக்க விரும்புவது இயல்பே. தமிழில் எழுதுவோர் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் முதலான தட்டெழுத்துக் கருவிகளைத் திரையின் மூலையிலே, கடிகாரத்தின் அருகில் நிறுத்தி வைப்பதும் இவ்வகையதே. ஆனால், இரவில் நிறுத்திய கணினியைக் காலையில் திறந்தால் பட்டையைக் காணோம்! மீண்டும் தேடிப்பிடித்து இயக்க வேண்டியிருக்கிறது. பழகிய கைக்கு இஃது அரை நிமிட வேலை. எழுபது வயதுப் பாட்டனாருக்கோ, பேரன் பாடசாலை விட்டு வரும்வரை தமிழ்க் கடிதம் எழுத இயலாது என்பதே இதன் பொருள்.

முன்னாளில் இத்தொல்லை இவ்வளவு இருந்ததில்லை. 2001ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில், கோப்புறை ஒன்றைச் சுட்டியாற் பற்றித் திரையின் ஓரத்திற்கு இழுத்தால் அதுவே ஒரு பட்டையாகி நிற்கும். விண்டோஸின் ஓர் உறுப்பாகவே அது இருந்தமையால் மறுநாளும் தானே தோன்றும். 2009இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் 7இலே இவ்வசதி கைவிடப்பட்டது. கீழேயுள்ள பணிப்பட்டையிலாவது சிறு கருவிப்பட்டைகளைச் சேர்க்க முடிந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11 அதனையும் நீக்கிவிட்டது. நல்லதொரு வசதியை ஏன் எடுத்தார்களோ, எமக்கு விளங்கவில்லை. ஆகவே இன்று ஓரப்பட்டை வேண்டுவோர் தனி மென்பொருள் ஒன்றையே நாடவேண்டியிருக்கிறது. தனி மென்பொருளாயின், அதனைத் தொடக்கத்திலேயே அழைக்கும்படி விண்டோஸுக்கு நாம் சொல்லிவைத்தல் வேண்டும்.

சொல்லிவைக்கும் இடமும் புதியதன்று. 1992ஆம் ஆண்டின் விண்டோஸ் 3.1இலேயே ‘ஸ்டார்ட்டப்’ என்றொரு தொகுதி இருந்தது. அதிலே எதனை இட்டாலும் விண்டோஸ் திறக்கும்போது அது தானே இயங்கும். அத்தொகுதியே 1995இல் கோப்புறையாக மாறி, இன்றளவும் அதே பெயருடன் நிலைத்திருக்கிறது. மைக்ரோசொப்ட் ஒபிஸ் 95 உடன் வந்த குறுக்குவழிப்பட்டை, இவ்வழியாகத்தான் காலைதோறும் திரையில் வந்து நின்றது.

முதலில், உங்கள் கருவியின் அமைப்புப் பகுதியைத் திறந்து பாருங்கள். ‘விண்டோஸ் தொடங்கும்போது இயங்குக’ என்னும் பொருள்பட ஒரு தெரிவு பெரும்பாலும் அங்கே இருக்கும். அதனைத் தெரிந்தால் வேலை முடிந்தது. அத்தகைய தெரிவு இல்லையெனில் மட்டுமே மேற்கொண்டு படிக்க.

விண்டோஸ் சின்னம் பொறித்த விசையை அழுத்தியவாறே ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து விசையையும் அழுத்துக. சிறு பெட்டியொன்று திறக்கும். அதிலே ஆங்கில எழுத்துக்களால் ‘ஷெல்’ என்றெழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் ‘ஸ்டார்ட்டப்’ என்றெழுதி உள்ளிடு விசையைத் தட்டினால், நாம் தேடிய கோப்புறை திறக்கும். அது வெறுமையாயிருப்பின் வியப்படைய வேண்டா. அடுத்து, உங்கள் கருவியின் குறுக்குவழியை, அதாவது அதனைத் திறப்பதற்கென மேசைத்திரையிலுள்ள சிறு படத்தைப் பிரதிசெய்து, இக்கோப்புறையில் ஒட்டுக. மூல மென்பொருட் கோப்பையே பெயர்த்துக் கொணர்ந்து இங்கே இடுவோரும் உளர், அது தகாது. மென்பொருள் தன் துணைக்கோப்புகளோடு கூடி வாழ்வது; தனியே பிரித்தெடுத்தால் இயங்க மறுக்கும்.

ஒரே கணினியைப் பலர் ஆளும் வீடுகளில் இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. மேற்சொன்ன கோப்புறை ஒவ்வொரு பயனர் கணக்கிற்கும் தனித்தனியே உண்டு. பேரன் தன் கணக்கிலிருந்து கொண்டு இட்ட குறுக்குவழி பேரனுக்கே பயன்படும். பாட்டனார் தம் கடவுச்சொல்லைக் கொடுத்து நுழையும்போது அங்கே ஒன்றும் இராது. ‘நேற்றுத்தானே செய்து தந்தேன்’ என்று பேரனும், ‘ஒன்றையும் காணவில்லையே’ என்று பாட்டனாரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இருவர் சொல்வதும் மெய்யே! பாட்டனாரின் கணக்கில் நுழைந்து அதனைச் செய்தல் வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக வேண்டுமாயின், முக்காற்புள்ளிக்குப் பின் ‘கொமன்’ என்னுஞ் சொல்லையும், ஓர் இடைவெளியையும், அதன்பின் ‘ஸ்டார்ட்டப்’ என்பதையும் எழுதினால் பொதுக் கோப்புறை திறக்கும். அதிலே எதையும் இடுவதற்கு நிர்வாகி உரிமை தேவை. தம்பியின் விளையாட்டுக்களை அங்கே இடாதிருப்பது குடும்ப அமைதிக்கு நல்லது.

இவ்வளவும் செய்தும் பட்டை வரவில்லையா? கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துக. பணி மேலாளர் திறக்கும். அதிலுள்ள தொடக்க மென்பொருட் பகுதியிலே உங்கள் கருவியின் பெயர் முடக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டிருந்தால், கோப்புறையில் எத்தனை முறை ஒட்டினாலும் பயனில்லை. அங்கேயே முடக்கத்தை நீக்க வேண்டும். மாறாக ஒரே பட்டை இரண்டாக வந்து நின்றால், கருவியின் சொந்த அமைப்பிலும் கோப்புறையிலும் என இரண்டிடத்திலும் சொல்லிவைத்திருக்கிறீர்கள் என்பதே காரணம். ஒன்றை நீக்குக.

பணி மேலாளரின் அப்பகுதியைத் திறந்தவர் பலர் திகைப்பது உண்டு. ஒரு கருவியைச் சேர்க்க வந்த இடத்தில், தாம் அழையாத பத்துப் பன்னிரண்டு பெயர்களைக் காண்கின்றனர். பந்திக்கு அழையாதவரும் இலை முன் அமர்ந்திருக்கும் காட்சி அது. இலவச மென்பொருளொன்றை நிறுவும்போது, முன்பே குறியிட்டு வைத்த சிறு கட்டத்தைப் பாராமல் ‘அடுத்து’ ‘அடுத்து’ என்று அழுத்துவதால் நுழைந்தவை சில. இணைய உலாவிகளில் ஒட்டிக்கொண்டு, நம் தேடுபொறியையே மாற்றிவிடும் கருவிப்பட்டைகள் ஒரு காலத்தில் இவ்வாறு பரவின. தீங்கிழைக்கும் மென்பொருள்களும் இதே வாயிலையே விரும்பும். ஒவ்வொன்றும் நினைவகத்தில் இடம்பிடிக்கிறது. தட்டுச் சுழலும் பழைய வன்வட்டாயின், எல்லாம் ஒரே நேரத்தில் அதனை மொய்த்துக்கொள்ள, கணினி திறந்து பல நிமிடங்களாகியும் வேலை தொடங்க முடிவதில்லை. நாளை ஒப்படைக்க வேண்டிய கட்டுரையோடு காத்திருக்கும் மாணவிக்கு அந்நிமிடங்கள் சிறியன அல்ல.

ஆதலின் தேவையற்றதன் மேல் வலப்பக்கச் சொடுக்கிட்டு அதனை முடக்குக. முடக்குவது அழிப்பதன்று, வேண்டும்போது அம்மென்பொருளைக் கையாற் திறக்கலாம். விளையாட்டு, உரையாடல் மென்பொருள்களைத் தயங்காது முடக்கலாம். நச்சுநிரல் காப்புக் கருவியையும் தொடுபலகையின் கருவியையும் தொடவேண்டா. ஒன்டிரைவ் போன்ற மேகச் சேமிப்பை முடக்கினால், அதனை நீங்களே திறக்கும்வரை புதிய கோப்புக்கள் மேலே ஏறா. கணினி பழுதானால் அன்றெழுதிய கட்டுரைக்கு வேறு பிரதி இராது. பெயர் அறியாத ஒன்றாயின், அதனை வெளியிட்டவர் யாரென அவ்விடத்திலேயே பார்த்து, பின்னர் முடிவு செய்க.

மடிக்கணினி வைத்திருப்போருக்கு இன்னுமொன்று. மூடியைச் சாத்தினால் அது பெரும்பாலும் உறங்குகிறதேயன்றி நிற்பதில்லை. உறங்கி எழுவதைத் தொடக்கமாக விண்டோஸ் கொள்ளாது. இடையிலே பட்டையைத் தவறுதலாக மூடிவிட்டால், மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதால் அது வராது. கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைக.