வண்டிக்கு மானியம் கொடுத்த சர்க்காரே, கிராங்கு எங்கே?



நம் ஊர்களில் எத்தனை பவர் டில்லர் களத்து ஓரமாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது என்று ஒரு நடை நடந்து எண்ணிப் பாருங்கள். டயர் இருக்கிறது, கியர் பெட்டி இருக்கிறது. உள்ளே கிராங்கு தேய்ந்திருக்கும், இல்லை உடைந்திருக்கும். அந்த ஒரு இரும்புத் தண்டுக்காக மொத்த வண்டியும் படுத்துவிட்டது.

படிக்கட்டு வயலில் டிராக்டர் இறங்காது. இது அதிகாரிகளுக்கும் தெரியும். அதனால்தான் டில்லர் வாங்குங்கள் என்றார்கள். 2014-15-ல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிக்கும் பழங்குடியினருக்கும் பாதி விலை வரை மானியம் உண்டு. வாங்கினோம், நன்றியும் சொன்னோம். சாவி கொடுத்துப் படம் எடுத்தார்கள். அதோடு அவர்கள் கடமை முடிந்தது.

"ஓட்டத் தெரியாம ஓட்டிக் கெடுத்துட்டீங்க" என்கிறார்கள் இப்போது. அப்படியா? இது ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். ஒவ்வொரு வெடிப்பின் உதையையும் கிராங்கின் ஒரே பின் தாங்குகிறது. பின்னுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது தலைமயிரைவிட மெல்லிய ஆயில் படலம். சரிவில் வண்டி சாய்ந்தால் ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்கும். அளவு கொஞ்சம் குறைந்திருந்தாலும் பம்பு ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். படலம் அறுந்தால் இரும்போடு இரும்பு உரசும். மலையில் ஓட்டுகிறவன் தினமும் ஆயில் அளவு பார்க்க வேண்டும் என்று சாவி கொடுத்த அன்றைக்கு எந்த மகராசன் நமக்குச் சொல்லிக் கொடுத்தான்?

அவர்கள் சொல்லாததை நாம் சொல்லிக்கொள்வோம். இன்ஜினில் 'டக் டக்' என்று தட்டல் கேட்ட நிமிஷமே வண்டியை நிறுத்துங்கள். அப்போதே பிரித்தால் பேரிங்கோடு செலவு முடியலாம். இந்த ஒரு வயலை முடிச்சிடலாம் என்று ஓட்டினால் கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கையே பொத்துவிடும். தேய்ந்த கிராங்கை இரும்புக் கடைக்கும் போட்டுவிடாதீர்கள். கால் மில்லி கிரைண்டிங் பிடித்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போட்டால் மறுபடி ஓடும். அடுத்த தடவை அரை மில்லி. எதுவரை கடையலாம் என்பது கம்பெனியின் அளவுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம்தான் நம் கைக்கு வருவதே இல்லை. பின்னின் ஓர வளைவைக் கூராக வெட்டிவிட்டால் அடுத்த விரிசல் அங்கேதான். ஆயில் ஓட்டையில் கிரைண்டிங் தூள் தங்கினால் புது பேரிங்கும் போய்விடும். உடைந்த கிராங்கை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவனை நம்பவே நம்பாதீர்கள்.

சரி, கிரைண்டிங் மெஷின் எங்கே இருக்கிறது? லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லில், இல்லையென்றால் சேலத்தில். சாக்கில் கிராங்கைக் கட்டிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போனால், அங்கே லாரி கிராங்கு வரிசை கட்டி நிற்கிறது. "நாளைக்கு வாப்பா" என்கிறார்கள். நாளைக்கு என்றால் இன்னொரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. அதற்குள் இங்கே நாற்று முற்றுகிறது.

வண்டிக்கு வண்டி கதையும் வேறு. மிட்சுபிஷி நுட்பத்தில் வந்த வி.எஸ்.டி., குபோட்டா நுட்பத்தில் கேரள அரசின் காம்கோ, இவற்றுக்குச் சமவெளியில் அலைந்தாலாவது கிராங்கு கிடைக்கிறது. சீனாவிலிருந்து இறங்கிய வண்டிகளை வாங்கியவர்கள் பாடுதான் திண்டாட்டம். 2020 ஜூலையில் மத்திய அரசு பவர் டில்லர் இறக்குமதிக்கு லைசென்ஸ் முறை கொண்டுவந்தது. உதிரிபாகமும் சர்வீஸ் வசதியும் வைத்திருப்பவருக்கே லைசென்ஸ் என்றது. நல்ல விதிதான். ஆனால் அதற்கு முன்பே விற்றுக் காசு பார்த்துவிட்டுப் போனவனை யார் கேட்பது?

2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' என்று டெல்லியில் நுகர்வோர் துறை ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகளும் அதன் பட்டியலில் இருந்தன. 2025-ல் ரிப்பேர் எளிதா என்று மதிப்பெண் போடும் அறிக்கை வந்தது, செல்போனுக்கும் மின்னணுச் சாமான்களுக்கும்! டில்லர் இன்னும் வரிசையில் நிற்கிறது, நாமக்கல் பட்டறையில் நம் கிராங்கு நிற்பது போல.

"பழசைத் தள்ளிவிட்டுப் புதுசுக்கு மனுப் போடுங்க" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். மனுவோடு பட்டா, சிட்டா, சிறு விவசாயி சான்று வைக்க வேண்டும். தாத்தா பேரில் கிடக்கும் கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு எத்தனை பேர் அலைகிறோம்! மானியம் போக மீதிப் பணத்துக்கு எங்கே போவது? அந்தப் புது வண்டிக்குள்ளும் கிராங்குதானே இருக்கிறது?

நாம் கேட்பது இலவசம் அல்ல. மானியப் பட்டியலில் இடம் வேண்டும் என்கிற ஒவ்வொரு கம்பெனியும் 15 வருஷத்துக்குக் கிராங்கும் பேரிங்கும் தருவதாக எழுதிக் கொடுக்கட்டும், கடைசல் அளவுகளைத் தமிழில் அச்சடித்து வண்டியோடு கொடுக்கட்டும். வேளாண்மைப் பொறியியல் துறை செம்மேட்டில் ஒரு கிரைண்டிங் மெஷின் வைக்கட்டும். ஓட்ட நம் பிள்ளைகள் நாலு பேருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும், கீழே இருந்து யாரும் ஏறி வர வேண்டியதில்லை.

இதுவரை கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை. ஆகவே இந்த முறை காகிதம் வேண்டாம். வீட்டில் துருப்பிடித்துக் கிடக்கும் கிராங்கைச் சாக்கில் கட்டிச் செம்மேடு ஒன்றிய அலுவலகத்துக்குத் தூக்கி வாருங்கள். வாசலில் வரிசையாக அடுக்குவோம். ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயரும், வண்டி வாங்கிய வருஷமும், எத்தனை மாதமாக வயல் சும்மா கிடக்கிறது என்பதும் சுண்ணாம்பில் எழுதியிருக்கட்டும். பதில் சொல்லும்வரை அவை அங்கேயே கிடக்கும், நாமும் அங்கேயே உட்கார்ந்திருப்போம்.