பல வித்தைக்காரனுக்கு இடமில்லையா?

வருண் சக்கரவர்த்தி 17 வயது வரை விக்கெட் கீப்பர். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து, வேலைக்கும் போய், கிரிக்கெட்டுக்குத் திரும்பியபோது வேகப்பந்து ஆல்ரவுண்டர். முழங்கால் காயத்துக்குப் பின் சுழற்பந்து வீச்சாளர். சிறுவயதிலேயே ஒரே திறமையைப் பிடித்துக்கொள்ளாதவன் தொழில்முறை ஆட்டத்துக்கு உதவமாட்டான் என்ற வாதம் இங்கேயே நொண்டுகிறது. 2018இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மதுரை பாந்தர்ஸுக்கு ஆடினார். அந்த டிசம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலை 8.4 கோடியாயிற்று. 2021இல் இந்திய அணி.

விலைபோனது சுழல் ஒன்றுதானே என்பார்கள். சரிதான். ஆனால் முழங்கால் கைவிட்டபோது வேறு வேலைக்கு மாறத் தெரியாதவனாக இருந்திருந்தால், ஏலம் வரை அவர் வந்திருக்கவே மாட்டார்.

அப்படிப் பல வேலை தெரிந்த ஒரு திருத்தணிக் கல்லூரி ஆட்டக்காரனுக்கு உண்மையான இடைஞ்சல் வேறு. 1960இல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்த ஊர் அது. பக்கத்து ஆந்திர ஊரான நகரியில் இருப்பவனுக்கு ஆந்திர கிரிக்கெட் சங்கம், இவனுக்குத் தமிழ்நாடு சங்கம். மாவட்ட ஆட்டங்களைத் தாண்டினால் சென்னை லீக். அதற்கு அரக்கோணம் வழியாக ரயிலேற வேண்டும். கீழ் டிவிஷனில் தொடங்குவது இழுக்கல்ல. வருண் சுழற்பந்தில் விக்கெட்டுகளைக் குவித்ததும் அங்கே, நான்காம் டிவிஷனில்தான்.