திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பது குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

ஸ்ரீபெரும்புதூர் அருகேயுள்ள பாக்ஸ்கான் ஆலையில், ஐபோன் அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்கள் தவிர்க்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நேர்காணலுக்கு வந்தவர்களிடம் கேட்டிலேயே "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதாகவும் அதில் இருந்தது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி லீவு, தாலியும் மெட்டியும் உற்பத்திக்கு இடைஞ்சல் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

லைனுக்குள் உலோகம் கூடாது என்ற விதியை நாங்கள் எதிர்க்கவில்லை. நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுத்துவிடும். ரிஸ்ட் ஸ்ட்ராப் மாட்டிக்கொண்டு உட்காருவதே அதற்காகத்தான். ஆணின் மோதிரத்துக்கும், கல்யாணமாகாத பெண்ணின் வளையலுக்கும், தாலிக்கும் ஒரே விதி என்றால் அது வேலைக்கான விதி. கழற்றுவதா, வேறு பிரிவில் வேலை கேட்பதா என்பதை அந்தப் பெண் முடிவு செய்யட்டும். அவரிடம் கேட்காமலே கதவைச் சாத்துவது தப்பெண்ணம்.

வேறுபடுத்துவது எல்லாமே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் தரக் கூடாத காலத்தை 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமே வகுத்தது. இதுவும் வேறுபடுத்துவதுதான். ஆனால் இதில் அவருடைய வேலை பறிபோவதில்லை.

"பெண்களைத்தானே அதிகம் எடுக்கிறோம்" என்பது இந்தப் பகுதியில் கம்பெனிகளிடமிருந்து வழக்கமாகக் கிடைக்கும் பதில். ஆனால் ஆணிடம் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்வி கேட்கப்படுகிறதா? இந்திய வெளியுறவுப் பணியில் பெண் அதிகாரிகள் திருமணத்துக்கு அனுமதி பெற வேண்டும் என்றிருந்த விதியை 1979இல் முத்தம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தபோது, குடும்பப் பொறுப்பு ஆணுக்கும் உண்டே என்றுதான் கேட்டது. லீவு அதிகம் எடுப்பவர் யாரானாலும் அவருடைய வருகைப் பதிவைப் பார்த்து நடவடிக்கை எடுங்கள். வேலைக்கே சேராத ஒருவரை, எடுக்காத லீவுக்காகத் தண்டிப்பது அநியாயம்.

எங்கள் கோரிக்கைகள் இவை: விண்ணப்பத்திலும், ஆள் எடுக்கும் ஏஜென்சியின் விளம்பரத்திலும் திருமண நிலை கேட்கப்படக் கூடாது. ஆள் எடுத்தது காண்ட்ராக்டர் என்று கம்பெனி கை கழுவக் கூடாது. 50 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் இடத்தில் சட்டப்படி இருக்க வேண்டிய குழந்தைகள் காப்பகம் உண்மையிலேயே நடக்கிறதா என்று தொழிலாளர் துறை, இரவு ஷிப்ட் நேரத்திலும் வந்து பார்க்க வேண்டும்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட சகோதரிகளே, தேதியையும் ஏஜென்சி பெயரையும் குறித்து வைத்து, தொழிலாளர் துறையில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். நாங்கள் உடன் வருகிறோம்.