எலெக்ட்ரிக் காருக்கு மூன்று வருட சேர்விஸ் சல்லியை முன்கூட்டியே கட்டலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. புதுசா எலெக்ட்ரிக் கார் எடுத்தவர்கள், எடுக்க யோசிப்பவர்கள் மட்டும் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்கள் உங்கள் மச்சான்மாருக்கு அனுப்பி விடுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்த பிறகு, காத்தான்குடியில் சத்தமில்லாமல் ஓடும் புதுக் கார்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டு வருகிறது. என் தங்கச்சியின் கணவரும் ஒன்று எடுத்தார். கார் கையில் கிடைத்து ஒரு வாரம் ஆகவில்லை, கம்பனியிலிருந்து போன். மூன்று வருட மெயின்டனன்ஸ் பக்கேஜ், இந்த மாதம் முடியுமுன் கட்டினால்தான் இந்த விலை என்று.

அன்று இஷாவுக்குப் பிறகு பேப்பரோடு வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், இதை ஒருக்காப் பாருங்க. முழுக்க இங்கிலீஷ்ல இருக்கு. கட்டலன்னா வாரண்டி போயிடும் போல சொல்றாங்க."

நான் கணிதம் படிப்பிப்பவன். மெக்கானிக் அல்ல. ஆனால் 2017இல் பழைய நிசான் லீஃப் ஒன்று எடுத்து இன்றுவரை அதில்தான் பாடசாலைக்குப் போய் வருகிறேன். ஒவ்வொரு செலவையும் ஒரு கொப்பியில் எழுதும் பழக்கம் இருக்கிறது. அந்தக் கொப்பியையும் மச்சானின் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு இரவு உட்கார்ந்தோம். கண்டதை எழுதுகிறேன்.

*முதலில் வாரண்டி விடயம்*

பேப்பரை முழுவதும் வாசித்தேன். வாரண்டி நிற்க வேண்டுமென்றால் சொல்லப்பட்ட கிலோமீற்றருக்கு, அல்லது சொல்லப்பட்ட மாதத்துக்கு, கம்பனி அங்கீகரித்த இடத்தில் சேர்விஸ் செய்து பதிவு வைத்திருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. பக்கேஜ் வாங்க வேண்டும் என்று எந்த இடத்திலும் இல்லை.

இது இரண்டும் இரண்டு விடயம். நேரத்துக்கு சேர்விஸ் செய்வது கட்டாயம். அதற்கான சல்லியை மூன்று வருடத்துக்கு முன்பே கட்டுவது உங்கள் விருப்பம். போனில் பேசுபவர் பொய் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார், நாங்கள் ஒன்றாக விளங்கிக்கொள்கிறோம். மச்சானை வட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பச் சொன்னேன்: "பக்கேஜ் எடுக்காமல் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து உங்களிடமே சேர்விஸ் செய்தால் வாரண்டி இருக்குமா?" அடுத்த நாள் பதில் வந்தது: இருக்கும். உங்களுக்கும் இதே போன் வந்தால் இதே கேள்வியைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

*எதற்குப் பணம் கட்டுகிறோம்?*

எங்களுக்குக் கார் சேர்விஸ் என்றால் ஞாபகம் வருவது எஞ்சின் ஒயில், ஒயில் பில்டர், பிளக், டைமிங் பெல்ட். எலெக்ட்ரிக் காரில் இது ஒன்றும் கிடையாது. மிஞ்சுவது ஏசி பில்டர், பிரேக் ஒயில், கூலன்ட், கியர் பெட்டியின் ஒயில், டயர்களை இடம் மாற்றுவது, கம்பியூட்டர் பொருத்திப் பார்ப்பது, ஒரு பொதுவான சோதனை. இதில் பலது ஒவ்வொரு சேர்விஸிலும் வராது. மச்சானின் பேப்பரில் பாதி வரிகள் "பரிசோதித்தல்" என்றுதான் இருந்தன. பரிசோதிப்பது வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய மின்னழுத்தத்தில் ஓடும் வாகனத்தைத் தெரிந்தவன் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இனி என் கொப்பி. எட்டு வருடத்தில் நான் செலவழித்தவை: டயர் இரண்டு செட், 12 வோல்ட் சின்ன பெட்டரி இரண்டு முறை, வைப்பர், சஸ்பென்ஷன் புஷ், பிரேக் ஒயில், ஏசி வேலை ஒருமுறை. பிரேக் கட்டை தேயவே இல்லை. வேகம் குறைக்கும்போது மோட்டாரே காரைப் பிடித்து பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது, பிரேக்குக்கு வேலை குறைவு. ஆனால் எங்கள் ஊர் கடற்கரை ஊர். உப்புக்காற்றில் பாவிக்காத பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கிறது. அதைக் கழற்றித் துப்புரவாக்கத்தான் எனக்குச் செலவு வந்தது.

டயர், சின்ன பெட்டரி, வைப்பர், புஷ், துரு. மச்சானின் பக்கேஜில் இவை இருக்கின்றதா என்று தேடினோம். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தன, "உள்ளடங்காதவை" என்ற தலைப்பின் கீழ். பெட்டரியின் எடையால் எலெக்ட்ரிக் கார் பாரம் கூடியது. டயர் கெதியில் தேயும். எனக்கு அதிகம் செலவு வைத்தது எதுவோ, அது பக்கேஜில் இல்லை.

என் காரின் பெரிய நஷ்டம் வேறு. லீஃப் காரில் பெட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்ட 12 கட்டங்கள் உண்டு. இன்று எனக்கு 8 மட்டுமே. அந்த பெட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது, எங்கள் வெயில் அதைத் தின்றுவிட்டது. எந்த சேர்விஸ் பக்கேஜும் அதைத் தடுத்திருக்காது. புதுக் கார்களில் பெரும்பாலும் கூலன்ட் இருக்கிறது, பல உற்பத்தியாளர்கள் பெட்டரிக்கு 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் வாரண்டி தருகிறார்கள். பயப்பட வேண்டிய பெரிய செலவு பெட்டரி. அதைக் காப்பது வாரண்டி, பக்கேஜ் அல்ல. வாரண்டிப் பத்திரத்தைத்தான் இரவில் கண்விழித்து வாசிக்க வேண்டும்: எத்தனை வீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள், இலங்கையில் அதை யார் செய்வார்கள் என்று. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கார் என்றால் உள்ளூர் ஏஜன்டின் வாரண்டி உங்களுக்கு இருக்காது, அதையும் கவனியுங்கள்.

*கணக்கு*

மச்சானுக்குச் சொன்ன விலை 205,000 ரூபாய். மூன்று வருடம் அல்லது 60,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அது. 10,000 கிலோமீற்றருக்கு ஒன்றாக ஆறு சேர்விஸ்.

தனித்தனியாகச் செய்தால் எவ்வளவு என்று போனில் கேட்டோம். சின்ன சேர்விஸ் 28,000. அடுத்தது பெரியது, 52,000. இப்படி மாறி மாறி வரும். ஆறும் சேர்ந்தால் 240,000. "பார்த்தீங்களா மச்சான், 35,000 லாபம்" என்றார் அவர்.

"உங்கட பழைய கார் நாலு வருஷத்துல எவ்வளவு ஓடிச்சு?" என்று கேட்டேன். 48,000. அதாவது வருடத்துக்கு 12,000. கடைக்கும் வீட்டுக்கும், பிள்ளைகளின் வகுப்புக்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துணி எடுக்கப் புறக்கோட்டைக்கு. அவ்வளவுதான்.

அந்த ஓட்டத்தில் மூன்று வருடத்தில் 36,000 கிலோமீற்றர். அவருக்குக் கிடைப்பது மூன்று சேர்விஸ்தான். 28,000, 52,000, மீண்டும் 28,000. மொத்தம் 108,000. அதற்கு 205,000 கட்டியிருப்பார். மூன்று வருடம் முடிந்ததும் மிச்சம் மூன்று சேர்விஸும் காலாவதி.

ஐந்து சேர்விஸ் செய்தாலும் கூட்டுத்தொகை 188,000தான் வருகிறது. ஆறாவதையும் செய்தால் மட்டுமே பக்கேஜ் லாபம். அதற்கு மூன்று வருடமும் ஒருநாள் விடாமல் சராசரியாக 55 கிலோமீற்றர் ஓட வேண்டும். கட்டுநாயக்காவுக்கு ஹயர் ஓடுபவருக்கு, கல்முனைக்கோ அம்பாறைக்கோ தினமும் வேலைக்குப் போய் வருபவருக்கு இது சரி வரும். அவர்கள் தாராளமாகக் கட்டலாம். ஊருக்குள் ஓடும் காருக்குச் சரி வராது.

இந்த எண்கள் மச்சானின் பேப்பரில் உள்ளவை. உங்கள் கம்பனியின் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் முடியும்.

*"விலை ஏறினால்?"*

இது நியாயமான கேள்வி. நாங்கள் 2022ஐக் கண்டவர்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். இன்றைய விலையில் கட்டி வைத்தால் நாளைய விலையிலிருந்து தப்பலாம்தானே?

தப்பலாம், பக்கேஜ் விலை உண்மையிலேயே பூட்டப்பட்டிருந்தால். மச்சானின் பேப்பரில் ஒரு வரி இருந்தது: வரியோ நாணய மாற்று விகிதமோ மாறினால் உதிரிப்பாக விலை வித்தியாசத்தை வாடிக்கையாளரிடம் அறவிடும் உரிமை கம்பனிக்கு உண்டு. அப்படியென்றால் எங்கள் சல்லி பூட்டப்பட்டிருக்கிறது, அவர்களின் விலை பூட்டப்படவில்லை. இன்னொன்று. 2022இல் எல்.சி. திறக்க டொலர் இல்லாமல் சாமான் வராமல் நின்றதையும் கண்டோம். பார்ட்ஸ் இல்லாத காலத்தில் கையில் பக்கேஜ் இருந்து என்ன பிரயோசனம்?

அந்த வரி இல்லாத, விலை மாறாது என்று எழுதித் தரும் பக்கேஜ் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் யோசிக்கலாம். இல்லாவிட்டால் வேண்டாம்.

*எங்கள் தூரம்*

இந்தத் திட்டங்களைக் கொழும்பில் இருப்பவரை மனதில் வைத்துப் போடுகிறார்கள். அவர் காலையில் காரை விட்டுவிட்டு வேலைக்குப் போய் பின்னேரம் எடுப்பார். எங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் 300 கிலோமீற்றருக்கு மேல். மச்சான் எப்படியும் புறக்கோட்டைக்குப் போகிறவர், அந்தப் பயணத்தோடு செய்துகொள்வார். என்னைப் போன்ற ஒரு ஆசிரியருக்கு ஒரு நாள் லீவு, ஒரு இரவு தங்கல், வழியில் சார்ஜ் செலவு. இந்தச் செலவு எந்த பக்கேஜிலும் எழுதப்படுவதில்லை. மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ டெக்னீஷியனை அனுப்புவார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

லீசிங் பணத்தோடு சேர்த்து விடுகிறோம், மாதம் கொஞ்சம்தான் கூடும் என்றும் சொல்வார்கள். அப்படிச் சேர்த்தால் சேர்விஸ் சல்லிக்கும் ஐந்து வருடம் மேல்பணம் கட்டுகிறோம். மூன்று வருடத்தில் முடியும் சாமானுக்கு ஐந்து வருடக் கட்டணம்!

*நாங்கள் எடுத்த முடிவு*

கட்டவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. தேத்தண்ணி கொண்டு வந்த தங்கச்சி ஒரு கேள்வி கேட்டாள்.

"கம்பனிக்குக் கட்டல்ல, சரி. அந்தச் சல்லி மூணு வருஷத்துக்கு எங்க நிக்கும்? நோன்புப் பெருநாள் யாவாரத்துக்குச் சாமான் எடுக்க அதுலதான் கை வெப்பாரு."

எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. முற்பணம் கட்டுவதில் உள்ள உண்மையான நன்மை அதுதான். சல்லி கையை விட்டுப் போய்விடுகிறது, சேர்விஸ் தவறாது. சேர்விஸ் தவறினால் பெட்டரி வாரண்டியே போகலாம். 97,000 மிச்சம் பிடிக்கப் போய், பல இலட்சம் பெறுமதியான பெட்டரியின் உரிமையை இழந்தவனாக நிற்பதை விட 205,000 கட்டுவது எவ்வளவோ மேல். தன்னால் ஒதுக்கி வைக்க முடியாது என்று தெரிந்தவர் கட்டட்டும், அதில் வெட்கமில்லை.

மச்சான் அடுத்த நாளே வங்கியில் தனி எக்கவுண்ட் ஒன்று திறந்து, மாதம் 6,000 ரூபாய் தானாகப் போகும்படி செய்துவிட்டார். ஏடிஎம் அட்டை தங்கச்சியிடம். மூன்று வருடத்தில் 216,000. சேர்விஸ் மூன்றுக்கும் 108,000 போனால் மிச்சம் 108,000. பக்கேஜில் உள்ளடங்காத டயருக்கும் சின்ன பெட்டரிக்கும் அதிலிருந்து எடுக்கலாம். காரை இடையில் விற்றாலும் சல்லி அவருடையது. பக்கேஜ் என்றால் திருப்பித் தரமாட்டார்கள், அடுத்தவரின் பெயருக்கு மாற்றவும் முடியாது, அதுவும் அந்தப் பேப்பரிலேயே இருந்தது.

கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். சேமித்து வையுங்கள்.

1. பக்கேஜ் இல்லாமல் வாரண்டி உண்டா? எழுத்தில்.
2. ஒவ்வொரு சேர்விஸிலும் என்ன மாற்றுவார்கள், என்ன பார்த்துவிட்டு மட்டும் விடுவார்கள்?
3. தனித்தனி விலை என்ன? நான் வருடத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறேன்?
4. டொலர் ஏறினால் மேலதிகமாகக் கேட்பார்களா?
5. எந்த ஊரில் செய்வார்கள்? கிழக்குக்கு வருவார்களா?
6. காரை விற்றால் பக்கேஜுக்கு என்ன நடக்கும்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். செம்மஞ்சள் நிற வயர்களைக் கண்டால் ஊர் கராஜில் கை வைக்க விடாதீர்கள். அது உயர் மின்னழுத்த வயர், உயிர் ஆபத்து. ஆனால் ஹைபிரிட் கார்களில் கை தேர்ந்த பொடியன்மார் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரை முறையான பயிற்சிக்கு அனுப்பி, அங்கீகாரம் எடுக்க வழி செய்தால், பத்து வருடத்துக்கு எங்கள் சல்லியும் வேலையும் ஊரிலேயே நிற்கும். வசதியுள்ளவர்கள் யோசியுங்கள்.

பக்கேஜ் கட்டி நன்மை கண்டவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். என் கணக்கில் பிழை இருந்தால் திருத்துங்கள். இன்ஷா அல்லாஹ் பதிவிலும் திருத்திவிடுகிறேன்.