இரும்புக் குதிகாலும் சுங்குவார்சத்திரமும்

ஜாக் லண்டனின் ‘இரும்புக் குதிகால்’ நாவல் 1908-இல் வெளிவந்தது. முசோலினி ஆட்சிக்கு வர அப்போது இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. பாசிசத்தை முன்னறிந்த நாவல்களைப் பற்றி 1940-இல் எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் இதையும் எடுத்துப் பேசினார். இன்று பாசிசம் என்றதும் சீருடைப் படையும் மேடை முழக்கமுமே நினைவுக்கு வருகின்றன. லண்டன் அதைத் தொழிற்சாலை வாசலில் கண்டார். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நிலையில், அந்தப் பார்வை ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதிக்கு நேராகப் பொருந்துகிறது.

நாவலில் பெருமுதலாளிகளின் ஆட்சி முதலில் தடியை எடுப்பதில்லை. ரயில்வே, இரும்பு, எந்திரத் தொழில் சங்கங்களுக்குக் கூடுதல் கூலியும் குறைந்த வேலை நேரமும் தந்து தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மற்ற தொழிலாளர்கள் தனித்துவிடப்படுகிறார்கள். கூலிப்படை அவர்களை நசுக்குவது அதன் பிறகுதான்.

அதே பகுதியிலுள்ள சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. சிஐடியு சார்புச் சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிப்பதே முதன்மைக் கோரிக்கை. அக்டோபர் 7 அன்று தொழிலாளர்களில் ஒரு பிரிவினருடன் நிர்வாகம் உடன்பாடு செய்துகொண்டது. மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர்கள் மாநில அமைச்சர்கள். வேலைநிறுத்தம் செய்த சங்கம் அதில் இல்லை. அடுத்த இரு நாட்களுக்குள் இரவோடு இரவாகத் தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டனர். போராட்டப் பந்தல் பிரிக்கப்பட்டது. சலுகை முன்னே, காவல்துறை பின்னே என்ற லண்டனின் வரிசை இங்கே அப்படியே நடந்தேறியது.

இந்தியாவில் சங்கம் அமைக்கும் உரிமையின் வரலாறு சென்னையில் தொடங்குகிறது. 1918-இல் உருவாகி, பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பின்னி ஆலை நிர்வாகம் நீதிமன்றத்துக்கு இழுத்தது. அந்த வழக்கு எழுப்பிய கொந்தளிப்பின் தொடர்ச்சியே 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். அதன்படி 7 பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. 7 பேர்: வெள்ளையர் அரசு விதித்த நிபந்தனை அவ்வளவுதான். 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஆலைத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர் என உயர்த்தியது. சாம்சங் சங்கத்துக்கு அந்த எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு ஆதரவு இருந்தது. ஆனாலும் பெயரில் ‘சாம்சங்’ வரக்கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது; வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. பதிவு கிடைத்தது 2025 ஜனவரி 27-இல். அடிமை நாட்டில் 7 பேருக்குக் கிடைத்த உரிமை, சுதந்திர நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் போராடித்தான் கிடைத்தது.

நான்கு தொகுப்புகளில் ஒன்றான புதிய தொழிலுறவுத் தொகுப்பு இந்தக் கதவை மேலும் ஒடுக்குகிறது. பொதுப்பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்புக் கட்டாயம் எல்லா ஆலைகளுக்கும் வந்துவிட்டது: வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால் அது முடியும்வரை வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பாதிப் பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. அரசு அனுமதியின்றி ஆட்குறைப்பு செய்யவும் ஆலையை மூடவும் கூடிய வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்துள்ளது.

சங்கம் வந்தால் முதலீடு ஓடிவிடும் என்பது தொழில்துறை அமைப்புகளின் பழைய பல்லவி. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது வரி வழக்காலும் மைக்ரோசாஃப்ட் விற்பனையாலும்தான். இந்த வாதத்துக்கு வேறு பதில் தேவையில்லை.

மத்திய அரசை மட்டும் குற்றம் சொல்வதும் பொருந்தாது. 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்த மசோதாவை 2023 ஏப்ரலில் நிறைவேற்றியது தமிழகச் சட்டமன்றம். எதிர்ப்பு கிளம்பியதால்தான் அது திரும்பப் பெறப்பட்டது. டெல்லியில் பாசிச எதிர்ப்பு பேசுவோர் சுங்குவார்சத்திரத்தில் பந்தலைப் பிரிக்கக் கூடாது.

பேச்சுவார்த்தைக்குரிய சங்கத்தை ரகசிய வாக்கெடுப்பில் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கவும், பதிவு விண்ணப்பத்துக்குக் காலக்கெடு வைக்கவும் மாநில விதிகள் வழிசெய்ய வேண்டும். சங்கம் இல்லாத ஆலைகள் பெருகும் நாட்டில் தேர்தல்கள் நடக்கலாம், மக்களாட்சி நிலைக்காது.