மாலையில் இறங்கும் கொடி

வில்லும் புலியும் கயலும் பொறித்த கொடிகளால் மூவேந்தரை இனங்கண்ட மரபு நம்முடையது. ஆயினும் கொடியை ஏற்றுவதில் நாம் காட்டும் ஆர்வத்தில் பாதியளவேனும் அதனை இறக்குவதில் காட்டுகின்றோமா? ஆகஸ்டு 15 காலையில் கல்லூரித் திடலில் அணிவகுப்பு உண்டு, சிறப்பு விருந்தினர் உரை உண்டு, இனிப்பும் உண்டு. மாலையில் அக்கம்பத்தருகே நிற்பவர் பெரும்பாலும் காவலாளி ஒருவரே.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்டது நம் மூவண்ணக் கொடி. அதன் மதிப்பைக் காக்க 1971இல் சட்டம் பிறந்தது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த கொடி விதித் தொகுப்பு, குடிமக்கள் எந்நாளும் கொடியேற்ற வழி திறந்தது.

அவ்விதிகளைப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். நுட்பமெல்லாம் ஏற்றுவதினும் இறக்குவதிலேயே மிகுதி. ஏற்றுங்கால் விரைவாக ஏற்ற வேண்டும். இறக்குங்கால் மெல்ல, முறையோடு இறக்க வேண்டும். துக்க நாளில் அரைக்கம்பத்திற் பறக்கவிடுமுன் உச்சிவரை ஏற்றியே கீழிறக்க வேண்டும். அன்று மாலை முற்றிலும் இறக்குமுன்னும் மீண்டும் உச்சியைத் தொடல் வேண்டும். மடிக்கும்போது காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியிற் செல்ல, சக்கரம் மேலே தெரிய மடித்து, உள்ளங்கைகளில் ஏந்திச் செல்வது முறை. கிழிந்த கொடியைக் குப்பையில் எறிதல் குற்றம். தனியிடத்தில், எரித்தோ வேறு கண்ணியமான முறையிலோ, முழுமையாக அழித்தல் வேண்டும்.

2021 டிசம்பரில் பாலியஸ்டர் கொடிக்கும் இயந்திரத்தில் நெய்த கொடிக்கும் இசைவு கிடைத்தது. 2022 ஜூலையில் இரவிலும் கொடி பறக்கலாம் என்றாயிற்று. எளியோர் இல்லத்திலும் கொடி பறக்க வழிசெய்த இத்தளர்வுகளை நாம் பழிக்கவில்லை. (ஹூப்ளியில் கதர்க்கொடி தயாரித்து வாழ்வோரின் கவலை தனியே பேசத்தக்கது.) ஆனால் இரவிலும் பறக்கலாம் என்னும் இசைவை, இறக்கவே வேண்டா என்னும் ஆணையாகச் சில நிறுவனங்கள் கொண்டுவிட்டன. ஒருநாள் விழாவுக்கு ஏற்றிய கொடி வாரக்கணக்கில் மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, ஓரம் கிழிந்து தொங்குகிறது. சிதைந்த கொடியைப் பறக்கவிடலாகாது என்னும் விதியோ இன்றும் மாறவில்லை.

கொடியேற்றுபவர் யார் என்பதற்காக நம் மாநிலமே வாதாடியதுண்டு. முதலமைச்சராயிருந்த கலைஞர் மு. கருணாநிதி வலியுறுத்தியதன் பயனாக, 1974 முதல் விடுதலை நாளில் மாநிலங்களில் முதலமைச்சர்கள் கொடியேற்றுகின்றனர். நல்ல வாதம், நல்ல வெற்றி. கொடியிறக்கும் உரிமைக்கு மட்டும் எவரும் வாதாடக் காணோம்!

விடுமுறை நாளின் மாலையில் யார் வருவார் என்று கேட்போர் உளர். விடுதி மாணாக்கர் அங்கேயே உள்ளனர். தேசிய மாணவர் படையினரும் உள்ளனர். காலையில் பலர் காண மிடுக்காக நடப்பது எளிது. பார்ப்பாரில்லாத மாலையில் கயிற்றைச் சீராக விட்டு, துணி தரைதொடாமல் ஏந்தி மடிப்பதே கடினமான பயிற்சி. பத்து மணித்துளி போதும். அப்பொறுப்பினை முதலாண்டு மாணவர் இருவரிடம் அளிக்கலாம்; முதல்வரும் பேராசிரியரும் உடன் நிற்கலாம்.

வரும் ஆண்டின் அழைப்பிதழில், காலை நிகழ்ச்சிகளுக்குக் கீழே, "மாலை 6.00: கொடியிறக்கம்" என்றொரு வரியையும் அச்சிடுமாறு நிருவாகத்தினரை வேண்டுகிறோம்.