கீத்துவும் ரயில்வே வேலையும்

பெங்களூருக்குப் பொட்டி தட்ட வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. வயசுக்கு மீறின உயரம், காலையில அஞ்சரைக்கே பாஸ்கெட்பால் பிராக்டிஸ். அடுத்த வருஷம் பத்தாவது, அதனால இதோட நிறுத்திடலாம்னு நானும் தங்கமணியும் முடிவு பண்ணியிருந்தோம். போன வாரம் அவ கேட்டா: "அப்பா, இதையே தொழிலா ஆடின நம்மூர்ப் பொண்ணு யாருமே இல்லையா?"

ஏன் இல்லை? கீத்து அன்னா ஜோஸ் இருக்காங்களே. கோட்டயத்துக்காரர், ஆறடி ரெண்டு அங்குலம். வேலை சென்னையில, தெற்கு ரயில்வேயில. 2006ல மெல்போர்ன் பக்கத்து ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடப் போனாங்க. ஆஸ்திரேலியாவில தொழில்முறையா ஆடின முதல் இந்தியப் பெண் அவங்கதான். ஆனா அந்த வாழ்க்கை சில சீசன்தான்.

2011ல அமெரிக்காவோட டபிள்யூஎன்பிஏ அணிகள் மூணு, சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ, அவங்களைத் தேர்வுக்குக் கூப்பிட்டாங்க. இந்தியாவுல இருந்து அப்படி அழைப்பு போன முதல் பெண்ணும் அவங்கதான். ஒப்பந்தம் கிடைக்கலை. 'பாவம், நூலிழையில போச்சு'ன்னு பேசறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வரும். அப்போ அந்த லீக்ல 12 அணி, அணிக்கு 11 பேர். மொத்த உலகத்துக்கும் சேர்த்து 132 இடம்ங்க! ஐஐடி சீட்டெல்லாம் இதுக்கு முன்னாடி தூசு.

திரும்பி வந்தாங்க, இந்தியாவுக்கு ஆடினாங்க, 2014ல அர்ஜுனா விருது வாங்கினாங்க. இது எப்படி முடிஞ்சது? ரயில்வே வேலை இருந்தது, அதான். மாசச் சம்பளம், பயிற்சி, ஆட அணி. நம்ம அப்பா காலத்துல ரயில்வே மாப்பிள்ளைன்னா தனி மரியாதை. நாம ஐடிக்கு வந்ததும் அதைக் கிண்டல் பண்ண ஆரம்பிச்சோம். ஆனா இங்க பாஸ்கெட்பால் பொண்ணுங்களுக்கு நிஜமான லீக் எதுன்னா அந்த ரயில்வேதான்னு நான் சொல்வேன்.

தனியார் லீக்கும் வந்துச்சு. 2015ல யுபிஏன்னு ஆரம்பிச்சாங்க. பெங்களூரு பீஸ்ட், சென்னை ஸ்லாம்னு பேரெல்லாம் அமர்க்களமா இருந்தது. 2017ஓட சரி. அதுவும் ஆம்பளைங்களுக்கு மட்டும்.

எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு அம்மா, "ஸ்போர்ட்ஸ் கோட்டால காலேஜ் சீட் வாங்கிட்டு விட்டுடச் சொல்லுங்க"ன்னு யோசனை சொன்னாங்க. போன மாசம் வரைக்கும் எனக்கும் அது புத்திசாலித்தனமாத்தான் பட்டது. இப்போ படலை. சீட்டுக்காக ஆடறதுன்னா அவ இப்பவே நிறுத்திடலாம். கோட்டா வேணும்னா வேலைக்கு இருக்கட்டும், ஆட்டத்தைத் தொடர்றதுக்கு.

பத்தாவதுலயும் ஆடட்டும்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். தங்கமணிகிட்ட இன்னும் சொல்லலை. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டா எப்படியும் தெரிஞ்சுடும்.